21 நாள்: வடசென்னையில் கீமோதெரபியின் முதல் சுற்றும் துணையின் உழைப்பும்

கேள்வி

மனைவிக்குக் கீமோதெரபி தொடங்கப்போகிறது என்றதும் கணவனுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "நீ தைரியமா இருப்பா, நீ உடைஞ்சா அவங்களும் உடைஞ்சிடுவாங்க." நோயாளி கணவனாக இருந்தால் மனைவிக்கு அந்த அறிவுரைகூடக் கிடைப்பதில்லை. அவள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் துணையிருப்பது மனத்தின் குணமாகவே எண்ணப்படுகிறது. அன்பு இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையைத்தான் இக்கட்டுரை சோதிக்க முயல்கிறது. கீமோதெரபியின் முதல் சுற்றில் துணை உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கிறது? அதைச் செய்ய நேரமும் கூலியும் பயிற்சியும் எவ்வளவு தேவை? ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியின் வாழ்க்கை அதற்கு எவ்வளவு இடம் தருகிறது? புற்றுநோய் பற்றிய நம் பொதுப்பேச்சு மருந்தையும் செலவையும் சுற்றியே நிற்கிறது. மருந்துச் செலவில் தமிழ்நாடு கணிசமாக முன்னேறியிருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்த ஏற்பாடு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கீமோதெரபியும் அதில் அடக்கம். ஆனால் காப்பீட்டு அட்டை மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. கீமோதெரபியின் பெரும்பகுதி அந்த வாசலுக்கு வெளியேதான் நடக்கிறது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

துணையின் பங்கு குறித்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அய்சரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. 7,34,889 நோயாளிகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, மணவாழ்வில் இருந்தவர்கள் நோய் பரவுவதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தார்கள், முறையான சிகிச்சையை அதிகம் பெற்றிருந்தார்கள், புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பும் அவர்களுக்குச் சுமார் 20 விழுக்காடு குறைவாக இருந்தது. பத்திரிகைகள் இதை "அன்பே மருந்து" என்ற பாணியில் எழுதின. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. திருமணமானவர்களுக்கு வருமானமும் காப்பீடும் கூடுதலாக இருக்கலாம். அந்த வேறுபாடுகளைப் புள்ளியியல் முழுமையாகக் கழித்துவிட முடியாது. இன்னொரு தகவலும் அதில் உண்டு: மணவாழ்வின் பயன் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் தெரிந்தது. அதாவது மனைவி கணவனைக் கவனிப்பதும் கணவன் மனைவியைக் கவனிப்பதும் ஒரே அளவில் நடப்பதில்லை என்று ஊகிக்க அந்த ஆய்விலேயே இடமிருக்கிறது.

2009இல் கிளான்ட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு இதைக் கடுமையாகச் சொன்னது. கடும் நோய்க்குள்ளான 515 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி பெண்ணாக இருந்த இணைகளில் 20.8 விழுக்காடு பிரிந்தன. நோயாளி ஆணாக இருந்தபோது 2.9 விழுக்காடு. எண்ணைப் பார்த்ததும் கோபம் வருகிறது. ஆனால் இதே துறையில் 2015இல் வெளியான இன்னொரு ஆய்வின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனைவி நோயுற்றால் விவாகரத்து கூடுகிறது என்று அறிவித்த அக்கட்டுரை, கணினிக் குறியீட்டில் பிழை கண்டுபிடிக்கப்பட்டதால் திரும்பப் பெறப்பட்டது. திருத்திய கணக்கில் இதய நோய் தவிர மற்றவற்றில் அந்த முடிவு நிற்கவில்லை. ஆகவே "ஆண்கள் ஓடிவிடுவார்கள்" என்று பொதுவிதி எழுத முடியாது. அதைவிட முக்கியம், இந்த அளவுகோலே நமக்குப் பொருந்தாது என்பது. நம்மிடையே நோயுற்ற மனைவியை விட்டு விலகுவதற்கு நீதிமன்றம் தேவையில்லை. "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கட்டும், அங்க பாத்துப்பாங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பல வீடுகளில் அது அக்கறையோடு எடுக்கப்படும் நல்ல முடிவாகவும் இருக்கும். ஆகவே எது பராமரிப்பு, எது கைகழுவல் என்று எண்களை வைத்து வெளியிலிருந்து பிரித்துவிட முடியாது.

ஹாகெடோர்னும் மற்றவர்களும் 2008இல் வெளியிட்ட தொகுப்பாய்வு எனக்கு இவற்றைவிட நம்பகமாகப் படுகிறது. புற்றுநோயை எதிர்கொள்ளும் இணைகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த அவர்கள், மன அழுத்தம் நோயாளிக்கு அதிகமா துணைக்கு அதிகமா என்று கேட்டார்கள். கிடைத்த பதில் வேறு: நோயாளியானாலும் துணையானாலும் பெண்ணுக்கே அதிகம். நம் வீடுகளை அறிந்த எவருக்கும் இது வியப்பளிக்காது. கணவனுக்கு நோய் வந்தால் மனைவி செவிலியாகிறாள். மனைவிக்கு நோய் வந்தால், அவள் நோயாளியாக இருந்தபடியே அடுப்படியையும் பார்க்கிறாள்.

பார்த்துக்கொள்பவரின் உடலும் தேய்கிறது. ஷூல்ஸும் பீச்சும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பராமரிப்பதைச் சுமையாக உணர்ந்த முதியவர்கள் நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. பொறுப்பிருந்தும் சுமையை உணராதவர்களிடம் அத்தகைய உயர்வு தெரியவில்லை. எனவே பராமரிப்பைவிட, பராமரிப்பு நடக்கும் சூழ்நிலையைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

முதல் சுற்றில் நடப்பவை

கீமோ என்றதும் நம் மனத்தில் வருவது நாற்காலியில் சாய்ந்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளும் சில மணி நேரம். மார்பகப் புற்றுக்குப் பரவலாகத் தரப்படும் மருந்துச் சேர்க்கைகள் பலவற்றில் ஒரு சுற்று 21 நாள். முதல் நாள் மருந்து ஏறும். மீதி 20 நாளும் வீட்டில். கீமோ பகல்நேர சிகிச்சையாக மாறியது மருத்துவத்தின் வெற்றிதான். படுக்கைகள் மிச்சமாகின்றன, நோயாளி தன் பாயில் தூங்குகிறாள். ஆனால் முன்பு வார்டில் நர்ஸ் செய்துகொண்டிருந்த கவனிப்பு அதனால் மறைந்துவிடவில்லை. வீட்டிலிருப்பவர் கைக்கு மாறியிருக்கிறது.

அந்த வேலையின் விவரங்கள் தெரிந்தால்தான் அதன் அளவு புரியும். முதல் நாளுக்கு முன்பே ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பரிசோதிக்கப்பட்டு அறிக்கை வர வேண்டும். டாக்ஸோரூபிசின் தருவதானால் இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தளவு கணக்கிடப்படும். ரத்த அறிக்கை ஒரு நாள் தள்ளினால் கீமோவும் தள்ளும். ஆகவே வரிசையில் நின்று அறிக்கையை வாங்கிக் கோப்பில் சேர்ப்பது துணையின் முதல் வேலை. குழந்தை பெறும் வயதிலிருப்பவர் என்றால், கருத்தரிக்கும் திறனைக் காக்க வழியுண்டா என்ற கேள்வியையும் மருந்து ஏறுவதற்கு முன்னால்தான் கேட்டாக வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் இதைக் கேட்க மாட்டாள், கணவன் கேட்கலாம்.

டாக்ஸோரூபிசின் சிவப்பு மருந்து. அது ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று வீடே பதறும். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தசையே புண்ணாகிவிடக் கூடியது. கையில் எரிகிறது என்று நோயாளி சொன்ன அந்த நிமிடமே நர்ஸை அழைக்க வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோ, முடியப்போவுது" என்று தேற்றுவது அந்த இடத்தில் தீங்கு.

வீட்டுக்கு வந்த பின் முதல் இரண்டு நாள் மருந்தின் மிச்சம் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். கையுறை போட்டுத் துடைக்க வேண்டும், கழிப்பறையில் இரண்டு முறை நீர் ஊற்ற வேண்டும், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வாந்தி முதல் நாளோடு முடிவதில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை தாமதமாக வருவதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் மாத்திரை. முதல் நாள் வாந்தி வரவில்லை என்றதும் "இன்னாத்துக்கு இவ்ளோ மாத்திரை" என்று நிறுத்திவிடுவதும் மூன்றாம் நாள் அவதிப்படுவதும் சாதாரணமாக நடப்பவை. வாந்தி மாத்திரையே மலச்சிக்கலைத் தரும். அதை வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை. முதல் வாரக் கடைசியில் வாய்ப்புண் வரலாம். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வெளியே தெரியாத ஒன்று. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் தரைதட்டும். அந்நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்பது சாதாரணக் காய்ச்சல் அல்ல, அவசர சிகிச்சைக்குரியது. கிருமிக்கொல்லி ஊசி மணிக்கணக்கில் தாமதமானாலும் உயிருக்கு ஆபத்து. நம் வீடுகளில் காய்ச்சலுக்கு உடனே செய்வது பாரசிட்டமால் போட்டு, போர்த்திப் படுக்கவைத்து, காலையில் பார்க்கலாம் என்பதுதான். கீமோ காலத்தில் அந்தப் பழக்கம் காய்ச்சலை மறைத்து நேரத்தைத் தின்றுவிடும். அளந்து பார்த்து, 100.4ஐத் தொட்டிருந்தால் மாத்திரைக்கு முன்பே கிளம்ப வேண்டும். அவசரப் பிரிவுக்குப் போனதும் முதல் வாக்கியமாக "கீமோ எடுத்திருக்காங்க, பதினோராவது நாள்" என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் துணை கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

இப்படிக் கவனித்துச் சொல்வதற்கு மருத்துவ மதிப்பு உண்டு. கீமோ பெறும் 766 பேரை வைத்து நியூயார்க்கில் பாஷ் குழு நடத்திய சோதனையில், தங்கள் உபாதைகளைத் தொடர்ந்து பதிவுசெய்து செவிலியருக்குத் தெரியப்படுத்தியவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களுக்கு 26 மாதம். 2017இல் வெளியான இந்த முடிவைப் பலர் கணினித் தொழில்நுட்பத்தின் வெற்றியாகப் படித்தார்கள். என் வாசிப்பு வேறு. பதிவு மட்டும் இருந்திருந்தால் பயனில்லை. மறுமுனையில் அதைப் பார்த்துப் பதில் சொல்லும் செவிலியர் இருந்தார். துணை இரவு இரண்டு மணிக்குக் கவனித்ததைச் சொல்ல ஒரு எண் இருக்கிறதா, எடுப்பவர் இருக்கிறாரா என்பதில்தான் கவனிப்பின் மதிப்பு அடங்கியிருக்கிறது.

வழியும் வீடும் காற்றும்

ராயபுரத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை நடந்தே போகும் தூரம். அந்த மருத்துவமனையின் வேரே உணவில் இருக்கிறது: 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் 1799இல் தொடங்கிய வைத்தியசாலைதான் பின்னாளில் ஸ்டான்லியானது. பழைய ஆட்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். நோயாளிக்குச் சோறிடுவதும் சிகிச்சையின் பகுதி என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருப்பது வேறு திசை. முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிறுவனம், மருத்துவர்கள் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வளர்த்ததில் நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வரும் இடமானது. வடக்கு முனையிலிருந்து அங்கே போவது நகரத்தையே குறுக்காகக் கடப்பதற்குச் சமம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை நீண்ட பிறகு திருவொற்றியூர்க்காரர்களுக்குப் பயணம் எளிதானது. தேரடியில் ஏறினால் குளிர்ந்த பெட்டியில் உட்கார்ந்தபடி சென்ட்ரல் வரலாம், கிண்டிக்கும் போகலாம். ஆனால் விம்கோ நகருக்கு வடக்கே எண்ணூருக்கும் கத்திவாக்கத்துக்கும் மெட்ரோ இல்லை. கும்மிடிப்பூண்டி மின்ரயிலும் பேருந்தும் ஷேர் ஆட்டோவும்தான். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நோயாளி பெண்ணென்றால் அவளுக்கு அது மிச்சம். ஆனால் அணுக்கள் குறைந்திருக்கும் உடம்போடு நெரிசல் பேருந்தில் ஏறக் கூடாது என்றும் அவளுக்கே சொல்லப்படுகிறது. இலவசப் பேருந்துக்கும் இந்த எச்சரிக்கைக்கும் நடுவில் ஆட்டோ கட்டணம் நிற்கிறது.

இரவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை வடசென்னையின் அன்றாடக் காட்சி. பதினோராம் இரவு காய்ச்சல் 101 காட்டும்போது அந்த வரிசையைத் தாண்டித்தான் ஆட்டோவோ 108 ஆம்புலன்ஸோ போக வேண்டும். அந்த நேரத்தில் கணவன் எங்கே இருப்பார்? அனல்மின் நிலையத்திலோ ஆலையிலோ இரவு பத்து முதல் காலை ஆறுவரை மூன்றாம் ஷிப்டில் இருப்பார். கைப்பேசி லாக்கரில் இருக்கும். வீட்டில் தெர்மாமீட்டரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் மகள். துணை என்று கோப்பில் எழுதப்பட்ட பெயர் ஒன்று. அந்த இரவில் உண்மையில் துணையிருப்பவர் வேறு. முதல் நாளே மருத்துவமனை சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கைகள் அந்த மகளைச் சென்றடைய வழி வேண்டும்.

வீடும் கணக்கில் வருகிறது. ஒண்டுக்குடித்தனத்தில் பல வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்றால், இரண்டு முறை நீர் ஊற்றும் விதி பக்கத்து வீட்டாருக்கும் தெரிய வேண்டியதாகிறது. தெரிந்தால் ஒதுக்குவார்களோ என்ற பயத்தில் அது மறைக்கப்படுகிறது. மருந்து கலந்த கழிவைத் தொடாமல் இருந்தால் அண்டை வீட்டாருக்கு ஆபத்தில்லை, புற்றுநோய் ஒட்டாது என்பதைத் தெருவில் சொல்லக்கூடிய ஆள் கணவன்தான். நோயாளி தானே போய்ச் சொல்ல முடியாது.

காற்றைப் பற்றி எச்சரிக்கையோடு எழுத வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட பட்டியலில் மணலி மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்று. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வெளிக்காற்று மாசைப் புற்று உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. இவ்விரண்டையும் ஒட்டவைத்து ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கட்டிக்கு ஒரு குறிப்பிட்ட புகைக்கூண்டைக் காரணமாக்க அறிவியலால் முடியாது. ஆனால் கணவன் மனம் அதைச் செய்கிறது. "நான் வேலைக்குச் சேந்த இடத்துனாலதான் இங்க குடிவந்தோம்" என்ற குற்றவுணர்ச்சி ஒரு மனிதனைப் பேச்சற்றவனாக்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறியதும் நினைவில் இருக்கும் ஊர் இது. குமட்டலோடு படுத்திருக்கும் ஒருவருக்குச் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதும் இங்கே யோசித்துச் செய்யும் காரியம்.

யார் சமைப்பது

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையைச் செய்ததாகச் சொன்ன ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதில் 134க்கு 76. கீமோ பெறும் பெண்ணின் வீட்டில் முதல் பிரச்சினை மருந்து அல்ல, இந்த 299 நிமிடம். அதை யார் எடுத்துக்கொள்வது?

மாமியார் வருகிறார், அல்லது அம்மா வருகிறார். சில வாரம் கழித்து அவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அதன் பிறகு மூன்றாம் நாள் குமட்டலோடு அவளே தாளிக்கிறாள். தாளிக்கும் வாசனைதான் அந்நாட்களில் அவளால் தாங்க முடியாதது. தைரியம் சொல்வதைவிடக் கணவன் சாம்பார் வைக்கக் கற்றுக்கொள்வது கீமோவுக்கு அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதையும் முதல் சுற்றுக்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டும். மருந்து ஏறிய பிறகு உப்பு எவ்வளவு என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கு ஓய்வு கிடைக்காது. கடலுக்குப் போகும் காசிமேட்டு ஆண்கள் பலருக்கு விசைப்படகில் பல நாள் தங்கிச் சமைத்த அனுபவம் உண்டு. படகில் வரும் கை வீட்டு அடுப்படியில் வராமல் போவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல.

உணவு விஷயத்தில் இன்னொரு சண்டையும் நடக்கிறது: பத்தியம். மீன் கூடாது, முட்டை கூடாது, பழம் குளிர்ச்சி, தயிர் கூடவே கூடாது. வருகிற ஒவ்வொரு உறவினரும் ஒன்றை விலக்கிவிட்டுப் போகிறார்கள். ஆனால் கீமோ காலத்தில் புரதம் அவசியம். அணுக்கள் குறைந்தவர்களுக்குப் பச்சையாக எதையும் தரக் கூடாது என்று மருத்துவர்களே பல காலம் கடைப்பிடித்த கட்டுப்பாட்டுக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. ரத்தப் புற்று நோயாளிகளிடம் அடையாறு நிறுவனத்திலேயே நடத்தி 2022இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், அந்தக் கட்டுப்பாடு தொற்றைக் குறைக்கவில்லை. கைகழுவி, நன்றாகக் கழுவிச் சமைத்து, சூடாக உண்பது போதும். சங்கரா மீன் குழம்பும் முட்டையும் பருப்பும் சாப்பிட முடிகிறவளைச் சாப்பிட விடுவதும், உறவினரிடம் "டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காரு" என்று அழுத்திச் சொல்வதும் கணவனின் வேலை. மருமகள் அதைச் சொன்னால் நாக்கு நீளம் என்பார்கள்.

நோயாளி கணவனாக இருக்கும் வீட்டில் கதை தலைகீழாகிறது. அங்கே சமையல் நிற்பதில்லை, வருமானம் நிற்கிறது. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்ணுக்குக் கணவனின் கீமோ நாள் என்பது வியாபாரம் போன நாள். மீனுக்கு முன்பணம் கொடுத்தவருக்கு வட்டி அன்றும் ஓடும். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை அந்த வீட்டில் உண்மையான உதவி. ஆனால் அவள் இழப்பது நாள் கணக்கில்.

சொல்வதும் மறைப்பதும்

"டாக்டர், அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க." குடும்பங்கள் மருத்துவரிடம் வைக்கும் இந்த வேண்டுகோளை ஆணாதிக்கம் என்றோ அறியாமை என்றோ ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அதில் உண்மையான பாசம் இருக்கிறது. கட்டியை அறுத்தெடுக்கும்வரை அந்த மறைப்பு எப்படியோ தாக்குப்பிடிக்கவும் செய்கிறது. கீமோவில் அது உடைகிறது. கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எத்தனையாவது சுற்று என்று கேட்பார். முடி கொட்டும்.

மறைப்பு உடைவதைவிடப் பெரிய தீங்கு, அது உடையும்வரை நோயாளி கண்காணிப்பில் பங்கெடுக்க முடியாமல் போவது. தனக்கு என்ன மருந்து ஏறுகிறது என்று தெரியாதவள் எரிச்சலைச் சொல்ல மாட்டாள், காய்ச்சலை அளக்க மாட்டாள். ஒப்புதல் படிவத்தில் கணவன் கையெழுத்துப் போட்டுவிட்டு மனைவியிடம் "சத்து ஊசி" என்று சொன்ன வீட்டில் பதினோராம் இரவின் 100.4 யாருக்கும் எச்சரிக்கை தராது. கையெழுத்து அவளுடையதாக இருப்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆயுள் எத்தனை மாதம் என்பதை அவள் கேட்காமல் சொல்லத் தேவையில்லை. மருந்தின் பெயர், எத்தனை சுற்று, எந்த நாட்கள் ஆபத்து, முடி திரும்ப வளரும் என்பது ஆகியவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். உடல் நெருக்கத்தைப் பற்றியும் யாரேனும் சொல்ல வேண்டும்: தொடுவதாலும் ஒரே பாயில் படுப்பதாலும் எந்த ஆபத்தும் இல்லை, மருந்து ஏறிய சில நாளைக்கு உறவில் ஆணுறை தேவை, சிகிச்சைக் காலம் முழுவதும் கருத்தடை அவசியம். இதைத் தெளிவாகச் சொல்லாதபோது கணவன் பயத்தில் தள்ளிப் படுக்கிறான். முடி கொட்டிக்கொண்டிருக்கும் அவள், தன்னைக் கண்டு அருவருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறாள்.

விடுப்புக் கணக்கு

மேலே சொன்ன வேலைகள் அனைத்துக்கும் நேரம் வேண்டும். ஆலைப் பகுதியில் நேரம் என்றால் கூலி. ஒரு சுற்றுக்குக் கணவன் எத்தனை நாள் வேலையை விட வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், மருந்து ஏறும் நாள் ஒன்று, மறுநாள் அணுக்களைக் கூட்டும் ஊசிக்கு ஒன்று, பத்தாம் நாளையொட்டி அணுக்களைச் சரிபார்க்க ஒன்று. எதுவும் தவறாகப் போகாவிட்டாலே 4 நாள். ஆறு சுற்றுக்கு 24. இது குறைந்தபட்சம், காய்ச்சலில் ஒரு முறை அட்மிஷன் ஆனால் கணக்கு உடையும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த ஈட்டிய விடுப்பு 20 நாள் வேலைக்கு 1 நாள். ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 12 நாள் சேரும். 2020ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுப்பு தகுதிக்கான நாட்களை 180ஆகக் குறைத்ததே தவிர விகிதத்தை மாற்றவில்லை. எனவே நிரந்தரத் தொழிலாளிக்கே தேவையில் பாதிதான் கைவசம் இருக்கிறது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலியிலும் பெரிய ஆலைகளின் மதிலுக்குள் வேலை செய்பவர்களில் பெருந்தொகையானோர் காண்ட்ராக்ட் ஆட்கள். இடையிடையே ஒப்பந்தக்காரர் மாறினால் பழைய நாட்கள் அழிந்துவிடும். துறைமுகத்தில் லோடு ஏற்றுபவருக்கும் லாரி ஓட்டுநருக்கும் விடுப்பு என்ற பேச்சே கிடையாது, போனால் கூலி.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். காப்பீடு பெற்ற தொழிலாளிக்கே புற்றுநோய் வந்தால் ஏற்பாடு பெருந்தன்மையானது: தகுதிக் காலத்தை நிறைவுசெய்தவருக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டாண்டுவரை நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும். அவர் மனைவிக்கு நோய் வந்தால் அவளுக்கு மருத்துவம் உண்டு. ஆனால் அவளைப் பார்த்துக்கொள்ள அவர் வேலைக்குப் போகாத நாளுக்கு எதுவும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர் நலமாக இருக்கிறார். நலமாக இருப்பவர் வேலைக்கு வராதது அவர் விருப்பம்.

பிற நாடுகள் இந்த இடைவெளியை வெவ்வேறு விதமாக அடைத்திருக்கின்றன. ஜப்பானில் பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு உறவினருக்கும் 93 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். அதற்கு வேலைவாய்ப்புக் காப்பீடு ஊதியத்தில் 67 விழுக்காடு தருகிறது. பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு வாரம் தருகிறது, அதுவும் ஊதியமின்றி. ஊதியமற்ற விடுப்பு வசதியுள்ளவர்க்கே பயன்படும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல எடுத்துக்காட்டு. நமக்கு உகந்த முன்மாதிரியை அவ்வளவு தொலைவில் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. இ.எஸ்.ஐ.யிலேயே அது இருக்கிறது.

இ.எஸ்.ஐ. விதிகளின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகாலப் பலனை 26 வாரமாக உயர்த்தியபோது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கும் 12 வாரம் முழு ஊதியத்தோடு தந்தது. அந்தத் தாய்க்கு நோயில்லை, பிரசவமும் இல்லை. உடல்நலத்தோடு இருக்கும் ஒரு தொழிலாளி இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள்ளச் செலவிடும் நேரத்துக்குக் காப்பீட்டு நிதியிலிருந்து ஊதியம் தரலாம் என்று அந்த விதி ஏற்றுக்கொண்டுவிட்டது. கொள்கை அளவில் கடக்க வேண்டிய வாசல் ஏற்கெனவே கடக்கப்பட்டிருக்கிறது. 12 வாரம் என்பது 84 நாள். மனைவிக்கோ கணவனுக்கோ கீமோ தொடங்கும் தொழிலாளிக்கு, சிகிச்சை தரும் மருத்துவமனையின் சான்றோடு, சுற்றுக்கு 4 நாள் வீதம் ஆறு சுற்றுக்கு 24 நாள் கேட்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆலை வாசல் கூட்டங்களில் தொழிற்சங்கங்கள் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் இதற்கு ஒரு வரி வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிட்டு அந்த வரியை எழுதினால் எண்ணூரில் அதனால் பயன்பெறுபவர் சிலராகவே இருப்பார்கள்.